குனிந்து உள்ளே வரவும்

குனியாமல் உள்ளே போனதுதான் நான் செய்த முதல் தப்பு.

மூன்றாம் மாடி, நீலக் கதவு, ஏழடி உயரம். நான் ஐந்தடி நாலங்குலம். தச்சுவேலை செய்கிறவனுக்கு ஒரு கதவின் உயரம் டேப் பிடிக்காமலே தெரியும். என் தலைக்கும் மேல் சட்டத்துக்கும் நடுவில் ஒரு பெட்டியே வைக்கலாம். ஆகவே ஒரு மனுஷன் கதவுக்குள் எப்படி நுழைவானோ அப்படி நுழைந்தேன்.

உள்ளே பதினொரு பேர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நிறுத்தும்படியாக ஏதாவது வேலை நடந்துகொண்டிருந்ததா என்பது வேறு விஷயம். ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மூலையிலிருந்து யாரோ "அடப்பாவமே" என்றார்கள். முதல் மேஜையில் இருந்த கண்ணாடிக்காரர் மெதுவாக எழுந்தார்.

"வெளியே போய்ட்டு மறுபடி வாங்க."

"ஏன் சார், செருப்பைக் கழட்டணுமா?"

"செருப்பு இருக்கட்டும். குனிஞ்சு வாங்க."

திரும்பி அண்ணாந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு பல்லிகூட இல்லை.

"மேல ஒண்ணும் இல்லையே சார்?"

"ஒண்ணும் இல்லதான். குனிஞ்சு வாங்க."

காரியம் ஆக வேண்டியவன் நான். வெளியே போனேன், குனிந்தேன், உள்ளே வந்தேன். பதினொரு பேரும் பேனாவைக் கையில் எடுத்தார்கள். வாயைப் பொத்திய அம்மா கையை இறக்கி மூச்சு விட்டார்.

அந்த இடத்தின் பெயர் 'பண்பாட்டுக் கூறுகள் மற்றும் சமூக நெறிமுறைகள் வாரியம்'. பலகையில் அதைப் படித்து முடிப்பதற்குள் லிஃப்ட் வந்து, நின்று, நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். நான் அங்கே போனது ஒரு தாளுக்காக. 'குடும்பப் பண்பாட்டுச் சான்றிதழ்' என்று அதற்குப் பெயர்.

என் தங்கை நாலு மாதத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் புருஷன் அதற்கு முன்னாலேயே போனவன். மிச்சம் இருப்பது ஒன்பது வயதில் ஒரு பெண். மிளகு என்று அவளுக்குப் பட்டப்பேர் வைத்தவன் நான்தான். ஆள் சின்னது, வாய் காரம். தற்காலிக உத்தரவு என்று ஒன்றைக் கொடுத்து அவளை எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தொண்ணூறு நாள். அதற்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் எல்லாத் தாள்களையும் கொடுத்தால் பெண் எங்களோடு. இல்லாவிட்டால் காப்பகம். பதினேழு தாள் கேட்டிருந்தார்கள். பதினாறு வாங்கிவிட்டேன். பதினாலாவது மட்டும் பாக்கி, விசாரணைக்குப் பன்னிரண்டு நாள்.

அந்தக் காப்பகத்தை நான் பார்த்திருக்கிறேன். அங்கே கட்டில் செய்து கொடுத்தவனே நான்தான். நாற்பது கட்டில், நாற்பது தலைமாட்டிலும் நம்பர் எழுதிய தகடு. நாற்பதையும் என் கையால் அடித்தேன். நாற்பத்தொன்றாவது தகடு என் தங்கச்சி பெண்ணுக்கு என்றால் அதை அடிக்க என் கை வராது.

மிளகோ எங்கள் வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்தாள். அவளுடைய பை வாசல் ஓரத்தில் ஜிப் போட்டபடியே நின்றது. உடுப்பை எடுப்பாள், உடுத்துவாள், துவைத்து மடித்து மறுபடி பைக்குள்ளேயே வைப்பாள். "உங்க வீட்டுல துண்டு எங்க இருக்கும் அத்தை?" என்பாள். "உங்க வீட்டுல லைட்டை எப்ப அணைப்பீங்க?" என்பாள். ஒவ்வொரு 'உங்க வீட்டு'க்கும் என் மனைவி ஏதாவது எடுப்பது போல அடுப்படிக்குள் போய்விடுவாள். எடுத்து வருவது ஒன்றும் இருக்காது.

கண்ணாடிக்காரர் என் விண்ணப்பத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"உங்களுக்குச் சொந்தப் பிள்ளைங்க எத்தனை?"

"இல்லைங்க."

"அப்ப கஷ்டமாச்சே." உச்சுக்கொட்டினார். "பண்பாடுன்னா என்ன? ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறைக்குக் கடத்தறது. உங்க வீட்டுல பிள்ளை இல்ல. யாருக்குக் கடத்துவீங்க? அதனால உங்க வீட்டுல பண்பாடு இருக்க வாய்ப்பில்ல. பண்பாடு இல்லாத வீட்டுக்குப் பிள்ளையக் குடுக்க முடியாது."

"பிள்ளையக் குடுத்தா கடத்தலாமே சார்?"

"எதைக் கடத்துவீங்க? அதான் இல்லையே."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்குமே அதற்கு மேல் போக வழி இல்லை. கடைசியில் அவரே இரக்கப்பட்டு, கள ஆய்வு என்று ஒன்று உண்டு, வீட்டுக்கு வந்து பண்பாட்டின் ஐந்து கூறுகளையும் எண்ணிப் பார்ப்போம், தேறினால் மேலே அனுப்புவோம் என்றார். தேதிக்காகக் காத்திருக்கச் சொன்னார்.

காத்திருப்பது எனக்கு ஆகாது. என் கை சும்மா இருக்காது, கால் அதைவிட மோசம். வெளியே நடையில் ஒரு பெஞ்சு கிடந்தது. உட்கார்ந்தால் ஒரு பக்கம் தூக்கி மறுபக்கம் இறங்கியது. ஒரு மணி நேரம் பொறுத்தேன். பிறகு பையிலிருந்து திருப்புளியை எடுத்து நாலு திருகையும் முறுக்கி, ஒரு காலுக்கு அடியில் சின்ன மரச் சக்கை வைத்து, ஆடாமல் நிறுத்தினேன். உலகத்துக்கு ஒரு நல்லது செய்த நிம்மதியோடு சாய்ந்து உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் கண்ணாடிக்காரர் ஓடி வந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க! அந்த ஆட்டம் பதிவேட்டுல இருக்கு. பொருள்சார் பண்பாடு, வரிசை எண் எழுபத்தொண்ணு. இங்க காத்திருக்கறவங்க தலைமுறை தலைமுறையா ஆடிக்கிட்டேதான் காத்திருக்காங்க."

"பெஞ்சு வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு சார்?"

"ஆறு."

மறுபடியும் நாலு திருகையும் தளர்த்தினேன். பழைய அளவுக்கு ஆடுகிறதா என்று அவரே உட்கார்ந்து ஆடிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றார். தளர்த்தினேன்.

நாலாம் நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் குனிந்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, அட்டையில் தாளைச் செருகி, ஐந்து கட்டம் போட்டார். என் மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து நின்றாள். மிளகு தன் பையின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"முதல் கூறு குறியீடு. உங்க வீட்டுக்கு மட்டும் சொந்தமான ஒரு அடையாளம் சொல்லுங்க."

நானும் மனைவியும் முழித்தோம்.

"பெல் வேலை செய்யாது," என்றாள் அவள். "அதனால இவர் வந்தா ரெண்டு தட்டு தட்டுவார். வேற யாராவதுன்னா மூணு."

"ரெண்டு தட்டு," என்று எழுதினார். "பரவாயில்லையே. அடுத்தது மொழி. வீட்டுக்குள்ள மட்டும் புழங்கற சொல் இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க," என்றேன்.

மனைவி என் பக்கம் திரும்பி, "ஏங்க, அதை எடுத்து அதுல வெச்சுட்டு அதை மூடிடுங்க, ஈ வருது," என்றாள். நான் போய், தண்ணீர்ச் சொம்பை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, அடுப்படி ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். கண்ணாடிக்காரரின் பேனா நின்றுவிட்டது.

"மூணும் 'அது'தானா? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இதுல என்ன கண்டுபிடிக்க இருக்கு?"

அவர் அந்தக் கட்டத்தில் இரண்டு வரி எழுதி அடிக்கோடு போட்டார். மூன்றாவது விழுமியம். என் மனைவி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று "நேர்மை" என்றாள்.

"அது நிறைய சேர்ந்துபோச்சும்மா. வர்றவங்க எல்லாரும் அதையே எழுதறாங்க. போன மாசத்துல இருந்து நேர்மை வாங்கறதில்ல. வேற சொல்லுங்க."

ரொம்ப யோசித்து 'வாங்கிய வேலையைச் சொன்ன தேதிக்குள் முடிப்பது' என்று சொன்னோம். அவர் சந்தேகமாகப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

நாலாவது நெறிமுறை. அங்கேதான் மாட்டிக்கொண்டோம். யார் முதலில் சாப்பிடுவது, யார் எங்கே உட்காருவது, பெரியவர் வந்தால் யார் எழுந்திருப்பது என்று அடுக்கிக்கொண்டே போனார். எங்கள் வீட்டில் பசித்தவர் சாப்பிடுவார், காலியாக இருக்கிற நாற்காலியில் உட்காருவார். இருப்பதே இரண்டு நாற்காலி.

"விலக்காவது உண்டா? செய்யவே கூடாதுன்னு ஏதாவது?"

"உண்டு," என்றாள் மனைவி சட்டென்று. "நான் துணி வெட்டற கத்தரிக்கோலை இவர் தொடக் கூடாது. ஒரு தடவை அதுல உப்புத்தாள் வெட்டிட்டார்."

"மீறினா தண்டனை?"

"மூணு நாள் பேச மாட்டேன்."

"முறைசாராத் தண்டனை, எதிர்மறை." எழுதும்போது அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. "நேர்மறையா ஏதாவது?"

"நாலாம் நாள் பேசுவேன்."

பொருள் என்ற ஐந்தாவது கூறுக்கு என் உளிகளையும் அவள் மெஷினையும் எழுதிக்கொண்டார். எல்லாம் முடிந்து எழுந்தவர் வாசல் ஓரத்துப் பையைப் பார்த்தார். அதன் மேல் உட்கார்ந்திருந்தவளையும் பார்த்தார்.

"பாப்பா, இந்த வீட்டு வழக்கம் ஏதாவது உனக்குப் பழகியிருக்கா?"

"இவங்க வீட்டு வழக்கம் எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மிளகு. "நான் வந்து கொஞ்ச நாள்தானே ஆகுது."

அவர் பேனாவை எடுத்து ஒரு குறிப்பு எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அடுத்த ஏழு நாளும் என் கால் தரையில் நிற்கவில்லை. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை வாரியத்துக்கு ஓடினேன். கோப்பு மேலே இருக்கிறது என்றார்கள். மேலே போனால் கீழே வந்துவிட்டது என்றார்கள். அந்தக் கட்டடத்தில் மூன்றாவதுதான் கடைசி மாடி. மேலே மொட்டைமாடியும் தண்ணீர்த் தொட்டியும் மட்டும்தான். அதையும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டே வந்தேன். எடுத்த வேலைகள் பட்டறையில் பாதியில் கிடந்தன. ஒரு கதவில் கீலைத் தலைகீழாக மாட்டிவிட்டு, மாட்டினது தெரியாமலே பாலிஷ் போட்டுவிட்டேன். வீட்டுக்குப் போனால் மிளகு வாசலிலேயே நிற்பாள்.

"தாள் குடுத்தாங்களா மாமா?"

"நாளைக்குத் தர்றாங்களாம்."

"குடுக்கலன்னா நான் எந்த பஸ்ல போகணும்?"

போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

விசாரணைக்கு முந்தின நாள். வழக்கம்போல் வாரியத்துக் கதவுக்கு வந்து வழக்கம்போல் குனிந்தேன். எத்தனையாவது தடவையோ, குனிந்தபோது பக்கத்து நிலைச்சட்டம் என் கண்ணுக்கு நேராக வந்தது. அங்கே நீல பெயின்ட்டுக்கு அடியில் இரண்டு சின்ன மேடு. மக்கு வைத்து மூடிய ஆணி ஓட்டை. மக்கின் மேல் கட்டைவிரலால் இடமிருந்து வலமாக ஒரு தேய்ப்பு. எதிர்ச்சட்டத்தைப் பார்த்தேன். அங்கேயும் இரண்டு, அதே தேய்ப்பு.

அந்தத் தேய்ப்பு என்னுடையது. ஊரில் வேறு யாரும் இடமிருந்து வலமாகத் தேய்ப்பதில்லை. நான் இடது கைக்காரன்.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கட்டடம் கிடங்காக இருந்தது; பூச்சும் பெயின்ட்டும் மாறியதில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அலுவலகம் வருகிறது, அவசரம் என்று கதவு நிலையை மாற்றச் சொன்னார்கள். நிலையை நிறுத்திச் சிமென்ட் பூசினால், அது இறுகும் வரைக்கும் சட்டம் விலகாமல் இருக்க நெஞ்சுக்கு மேலே குறுக்கே ஒரு பலகை அடிப்பது வழக்கம். அடித்தேன். அதற்குள் மேஜை நாற்காலியோடு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். ஒன்பது நாள் எல்லாரும் அந்தப் பலகைக்கு அடியில் குனிந்து குனிந்து போய் வந்தார்கள். பத்தாம் நாள் நான் வந்து பலகையைக் கழற்றி, மக்கு வைத்துவிட்டுப் போனேன். அவர்கள் இன்னும் குனிந்துகொண்டிருக்கிறார்கள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சார்! இது என் பலகை சார்!" என்று கத்திவிட்டேன்.

கண்ணாடிக்காரர் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார். அதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. தலைமை நெறியாளர் தானே எழுந்து வந்து என்னை அழைத்துக்கொண்டு போனார். அவர் அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு அவருடைய முனைவர் பட்டம் தொங்கியது. தலைப்பைப் படித்தேன். 'குனிதலின் ஊற்றுக்கண்: ஒரு வாயிலும் பதினொரு மனங்களும்'.

"உட்காருங்க. பலகைன்னு ஏதோ சொன்னீங்களாமே?"

சொன்னேன். ஒன்பது நாள், ஆணி, மக்கு எல்லாவற்றையும். அவர் கோபப்படவில்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"நெறின்னா என்ன தெரியுமா? காரணம் தெரியாம செய்யறது. காரணம் தெரிஞ்சுபோனா அது வெறும் வசதி. நான் இங்க வேலைல சேர்ந்த அன்னைக்குப் பார்த்தேன், எல்லாரும் குனிஞ்சு வர்றாங்க. ஏன்னு கேட்டேன். ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுபோச்சு. அன்னைக்கே முடிவு பண்ணேன், இதுதான் பண்பாடு. சமூகத்துக்கு முன்னால தனிமனுஷனோட பணிவு. முந்நூத்திப் பன்னெண்டு பக்கம் எழுதினேன்."

"யாருமே குனியாம இருந்ததில்லையா சார்?"

"ஒருத்தன் இருந்தான்." அவர் கண் பளபளத்தது. "புதுசா வந்த பையன். குனிய மாட்டேன்னான். முதல்ல எல்லாரும் சிரிச்சோம். அது வழக்காறு நிலை. அப்புறம் டீ குடிக்கக் கூப்பிடறத விட்டோம். அது ஒழுக்கநெறி நிலை. அடுத்தது மெமோ குடுத்தோம், அது சட்டம். கடைசில மாற்றல். இப்ப அவன் பேரக்கூட யாரும் சொல்றதில்ல, அது விலக்கு. நாலு நிலையும் ஒரே ஆள் மேல! எந்த ஆராய்ச்சியாளனுக்கு இப்படி ஒரு அதிர்ஷ்டம் கிடைக்கும்? அவனுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன். என் நூல்ல நன்றி சொல்லலாம்னு பார்த்தேன். பேரைச் சொல்லக் கூடாதுங்கறதால விட்டுட்டேன்."

பிறகு என் கோப்பை எடுத்து முன்னால் வைத்தார். சான்றிதழ் தயாராக, கையெழுத்து மட்டும் பாக்கியாக அதில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தாளை வைத்தார். 'மேற்படி கதவுநிலையில் எக்காலத்திலும் எவ்விதப் பலகையும் என்னால் அடிக்கப்பட்டதில்லை என உறுதி கூறுகிறேன்.'

எனக்கு ஆத்திரம் பொங்கியது. பதினோரு வருஷமாக அந்த நிலை ஒரு நூல்கூட விலகாமல் நிற்கிறது. நிற்பதற்குக் காரணம் அந்தப் பலகை. செய்த வேலையைச் செய்யவில்லை என்று நான் எங்கேயும் கையெழுத்துப் போட்டவன் இல்லை. பிறகு நாற்பத்தொன்றாவது தகடு ஞாபகம் வந்தது.

"பேனா குடுங்க சார்," என்றேன்.

கையெழுத்தைப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் தன் பேனாவைத் திறக்கவில்லை. "கள ஆய்வுல ஒரு குறிப்பு இருக்கு. குழந்தைக்கு இந்த வீட்டு வழக்கம் எதுவும் ஒட்டலன்னு. நீங்களே நெறி பழகாத ஆளு. நீங்க குனியறத நான் பார்த்தேன், நினைச்சுக் குனியறீங்க. அது நடிப்பு. நினைக்காம குனியணும். அது வந்துட்டா கையெழுத்துப் போட்டுடறேன். அலுவலகம் அஞ்சரைக்கு மூடிடும்."

மணி ரெண்டேகால்.

கண்ணாடிக்காரரைக் கணக்குக்கு நிறுத்தினார்கள். நான் வெளியே போய் உள்ளே வந்தேன். வெளியே போய் உள்ளே வந்தேன். ஐம்பதாவது தடவை முட்டி வலித்தது. "இன்னும் நினைக்கறீங்க," என்றார் அவர். எழுபதாவது தடவை, "உங்க வீட்டுல இருந்து போன்!" என்று திடீரென்று கத்தினார். பதறிப்போய் உள்ளே ஓடினேன், நிமிர்ந்தபடி. பதினொரு பேரும் உச்சுக்கொட்டினார்கள். அவசரத்தில் மறந்துபோவது நெறி ஆகாதாம். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

அறுபதுக்குப் பக்கத்தில் நடையில் யாரும் இல்லாதபோது கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பலகை எனக்கும் ஞாபகம் இருக்கு. ரெண்டு தடவை மண்டைய இடிச்சிருக்கேன்."

"அப்ப சொல்லக் கூடாதா சார்?"

"ஓய்வுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கே," என்றார். நெற்றியில் ஒரு இடத்தைத் தடவிக்கொண்டார். "நடங்க. நடந்துக்கிட்டே சொல்லுங்க. அந்தப் பாப்பா என்ன படிக்குது?"

"நாலாங்கிளாஸ். கணக்கு நல்லா வரும், கையெழுத்துதான் கோழிக் கிறுக்கல். ராத்திரி தூக்கத்துல அம்மாவக் கூப்பிடுது சார். என் வீட்டுக்காரி போய்ப் பக்கத்துல படுத்துக்குவா. காலைல ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கறதே இல்ல."

அவர் கதவைக் காட்டினார். அப்போதுதான் பார்த்தேன், நான் உள்ளே வந்திருந்தேன். குனிந்துதான் வந்தீர்கள் என்றார். எனக்குத் தெரியவே இல்லை.

ஐந்து இருபத்தைந்துக்குக் கையெழுத்து விழுந்தது.

வீட்டுக்குப் போனேன். இரண்டு தட்டு தட்டினேன். மனைவி கதவைத் திறந்தவள், "தலைல என்னங்க, வலியா?" என்றாள். "ஏன்?" என்றேன். "குனிஞ்சு வர்றீங்களே." மிளகு என்னையும் கதவுச் சட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சான்றிதழைக் காட்டினேன். அதையும் வாங்கிப் படித்துவிட்டு, மடங்காமல் மேஜையில் வைத்தாள். பையை அன்றைக்கும் திறக்கவில்லை.

மறுநாள் பதினோரு மணி. குழந்தைகள் நீதிமன்றம் பழைய கட்டடம். கதவு எட்டடிக்கு மேல் இருக்கும், இரட்டைக் கதவு, நல்ல மரம். பேரைக் கூப்பிட்டார்கள். என் மனைவி முதலில் போனாள், பின்னால் நான், எனக்குப் பின்னால் பையோடு மிளகு. பையை எதற்கு எடுத்து வந்தாய் என்று நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயம்.

நடுவர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பதினாலாவதில் நின்றார்.

"இது என்னது?"

"குடும்பப் பண்பாட்டுச் சான்றிதழ்ங்கம்மா. பட்டியல்ல பதினாலாவது."

"அதைப் போன வருஷமே எடுத்தாச்சே. பழைய பட்டியலக் குடுத்துட்டாங்களா?" என்று சொல்லி அதை உருவி ஓரமாக வைத்தார். அவ்வளவுதான். என் முட்டி இரண்டும் விண்விண்ணென்று தெறித்தது.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மிளகைப் பார்த்தார். "இங்க வாம்மா. உனக்கு இவங்க கூட இருக்கப் பிடிச்சிருக்கா?"

மிளகு பையின் வாரை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டக் என்றது. அதன் திருகு ஒன்று தளர்ந்திருந்தது. என் கை பையிலிருந்த திருப்புளியைத் தேடியது.

"இன்னொண்ணு கேக்கறேன்." இப்போது நடுவரின் குரல் மாறியிருந்தது. பார்வை என் மேல். "உள்ள வரும்போது கவனிச்சேன். நீங்க தலையக் குனிஞ்சு வந்தீங்க. பின்னாலயே இந்தக் குழந்தையும் அதே மாதிரி தலையத் தாழ்த்திட்டு வந்தது. அடி வாங்கற பிள்ளைங்க அப்படி வர்றத நான் இங்க நிறையப் பார்த்திருக்கேன். வீட்டுல யார் கைய ஓங்கறது?"

எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அவளும் குனிந்தாளா? நான் திரும்பிப் பார்க்கவில்லையே! என்ன சொல்ல? பலகை என்று சொன்னால், பலகையே இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த தாள் வாரியத்தில் இருக்கிறது. வாரியம் என்று சொன்னால், நூற்றுமுப்பது தடவை கதவுக்குள் குனிந்த கதையை எந்த நீதிமன்றம் நம்பும்? என் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் அடிக்க மாட்டாங்க," என்றாள் மிளகு.

"பின்ன ஏம்மா குனிஞ்சே?"

"அது எங்க வீட்டு வழக்கம்."

"எதுக்கு அப்படி ஒரு வழக்கம்?"

"எதுக்குன்னு தெரியாது." மிளகுக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. இது என்ன கேள்வி என்கிற மாதிரி நடுவரைப் பார்த்தாள். "எங்க மாமா குனிவார். நானும் குனிவேன். எங்க வீட்டுல அப்படித்தான்."

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை போய் நிற்க அடுப்படி இல்லை.

நடுவர் மிளகையும், என் மனைவியையும், என்னையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து எங்களிடம் ஒரு தாளைக் கொடுத்தார். ஒரே ஒரு தாள்.

மிளகு பையை என்னிடம் நீட்டினாள். "கனமா இருக்கு மாமா, நீங்க தூக்கிட்டு வாங்க," என்றாள். வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். கதவுக்கு வந்ததும் மூன்று பேரும் குனிந்தோம். என் மனைவிக்கு அது முதல் தடவை. கொஞ்சம் அதிகமாகவே குனிந்துவிட்டாள்.